ஆக்சிஜன் சேம்பருக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

காது வலித்தால் உடனே கையைத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கதவை மூடினோம். அந்தப் பெரியவர் தூக்கவில்லை. நான்கு மாதமாக ஆறாத கால் புண், முதல் நாள் சிகிச்சை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை இறுக மூடி, பல்லைக் கடித்தபடி படுத்திருந்தார். சந்தேகம் வந்து அழுத்தத்தை நிறுத்தி மைக்கில் கேட்டேன். "கொஞ்சம் வலிக்குதுமா, பரவால்ல, நீங்க பாட்டுக்கு நடத்துங்க" என்றார். அதற்குள் செவிப்பறையில் ரத்தம் கட்டியிருந்தது. காது சரியாகிற வரை பத்து நாள் சிகிச்சை நின்றது. அந்தப் பத்து நாளும் புண் அப்படியே கிடந்தது.

வலியைப் பொறுத்துக்கொள்கிறவர்தான் நல்ல நோயாளி என்று சின்ன வயதிலிருந்து நமக்குப் பழக்கிவிட்டார்கள். மூடிய சேம்பருக்குள் அழுத்தத்தைக் கூட்டித் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கும் இந்த உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையில் அந்தப் பழக்கத்தைக் கதவுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். இங்கே வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை முதல் நிமிடத்திலேயே சொன்னால் ஒன்றுமில்லாமல் போகும். ஐந்தாவது நிமிடத்தில் சொன்னால் காயமாகிவிடும். ஒரு சேம்பர் பிரிவில் நர்ஸாக இருந்து பார்த்ததை வைத்து, முதல் முறை போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

உள்ளே நடப்பது என்ன

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். ரத்தத்தில் அதைச் சுமந்து போவது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். நுரையீரல் நன்றாக இருப்பவருக்கு அது 97, 98 சதவீதம் நிரம்பியேதான் ஓடுகிறது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் இந்த எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதனால், மாஸ்க் போட்டு எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ஹீமோகுளோபின் அதற்கு மேல் பெரிதாக ஏற்றிக்கொள்ளாது.

ஆனால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் ஆக்சிஜன் கரையும். அழுத்தம் கூடக்கூட அதிகமாகக் கரையும். மூடி போட்ட சோடா பாட்டிலுக்குள் வாயு கரைந்து கிடக்கிறதே, அதே விதிதான். சாதாரணமாக 100 மில்லி ரத்தத்தில் இப்படிக் கரைந்திருப்பது சுமார் 0.3 மில்லி ஆக்சிஜன். 3 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது ஏறக்குறைய 6 மில்லியாக உயர்கிறது. சும்மா படுத்திருக்கும் உடலுக்கு அதுவே போதும். ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஈட்டே பூரெமா இதை நேரடியாகவே காட்டினார். பன்றிக்குட்டிகளின் சிவப்பணுக்களை ஏறக்குறைய முழுவதும் நீக்கிவிட்டு, சேம்பருக்குள் ஆக்சிஜன் கொடுத்து அவற்றை உயிரோடு வைத்திருந்தார். அந்த ஆய்வை 1960-ல் வெளியிட்டார்.

கடல்மட்டத்தில் நம் மேல் இருப்பது 1 வளிமண்டல அழுத்தம். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அது 2 ஆகும். ஆறாத புண்ணுக்கு வழக்கமாக 2 முதல் 2.5 வரை வைப்பார்கள்; 10 முதல் 15 மீட்டர் ஆழத்தில் இருப்பது போல. ஆழ்கடலில் நீந்தியவர்களுக்கு வரும் அழுத்த நோய்க்கு 2.8 வரை, அதாவது 18 மீட்டர். சேம்பர் ஊழியர்கள் ஒவ்வொரு முறையையும் "டைவ்" என்று சொல்வதைக் கேட்டால் பயப்பட வேண்டாம். தண்ணீர் ஒரு சொட்டுகூட கிடையாது.

முதலில், எதற்காக அனுப்பினார்கள் என்று கேளுங்கள்

இதை நிறையப் பேர் கேட்பதே இல்லை. "டாக்டர் போகச் சொன்னார்" என்று வந்துவிடுகிறார்கள். எந்த நோய்க்கு, எத்தனை சிட்டிங், எவ்வளவு அழுத்தத்தில், எதை வைத்துப் பலனை அளக்கப் போகிறார்கள் என்ற நான்கையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சில நோய்களில் மணிக்கணக்கு பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு நச்சு ஒன்று. மூடிய அறையில் ஜெனரேட்டர், கரி அடுப்பு, வாயு ஹீட்டர் எரிந்தால் வருவது. அந்த வாயு ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு விடாது. சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறைய நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். மாஸ்க்கில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள். 3 வளிமண்டலத்தில் 20 நிமிடத்தை ஒட்டி. அந்த வேகத்துக்கும் மேலே ஒரு பலன் உண்டு. 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறை சேம்பருக்குப் போனவர்களில் 25 சதவீதம் பேருக்கு ஆறு வாரம் கழித்து நினைவிலும் சிந்தனையிலும் குறை இருந்தது. சாதாரண ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் அது 46 சதவீதம். நீந்தியவர்களின் அழுத்த நோய், ரத்தக் குழாயில் காற்றுக் குமிழி புகுவது, தசையை அழுகவைக்கும் வாயுத் தொற்று, விழித்திரையின் மைய ரத்தக் குழாய் அடைபட்டுத் திடீரென ஒரு கண் பார்வை போவது, இவையும் இந்த வகைதான். இங்கே "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போவதும் அவசரம்தான். ஜலதோஷ அடைப்பு என்று நினைத்து வாரக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் மனம் கனக்கிறது. ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்து, காது போன இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் சேம்பரால் நல்ல வாய்ப்பு. ஒரு மாதம் தாண்டினால் வாய்ப்பு மங்கிவிடுகிறது.

இன்னொரு வகை மெதுவானது. சர்க்கரை நோயில் எலும்பு வரை இறங்கிய பாதப் புண், புற்றுநோய்க்கு ரேடியேஷன் கொடுத்த இடத்தில் மாதங்கள், வருடங்கள் கழித்துத் தாடை எலும்பு அரிப்பது, சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ ரத்தம் கசிவது, மருந்துக்கு அடங்காத எலும்புத் தொற்று, பிடிக்காமல் கறுக்கும் தோல் ஒட்டு. இவற்றுக்கு வாரத்துக்கு 5 நாள் வீதம் 20 முதல் 40 சிட்டிங் வரை போகும். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். வேலை, பயணம், கூட வரும் ஆள், எல்லாவற்றையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். பாதியில் விடுவது நடக்காமலே இருப்பதைவிட மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சிகிச்சையால் அந்த இடத்தில் புது ரத்தக் குழாய்கள் முளைக்க வாரங்கள் பிடிக்கும். ஐந்தாறு சிட்டிங்கில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்துகிறவர், விதை போட்ட மறுநாள் நிலத்தைக் கிளறிப் பார்ப்பவர் மாதிரி.

அடுத்ததை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், ஞாபக மறதி நோய், புற்றுநோய், முதுமை, இவற்றையெல்லாம் சேம்பர் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2013-லேயே இதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. தவித்துக்கொண்டிருக்கும் பெற்றோரின் நம்பிக்கையை விலை பேசுவது எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

அடுத்து, எந்த மாதிரிச் சேம்பர் என்று பாருங்கள்

ஒருவர் மட்டும் படுக்கும் சேம்பர் ஒன்று. நீளமான, ஒளி புகும் அக்ரிலிக் குழாய். வெளியே இருப்பவர் தெரிவார், மைக்கில் பேசலாம். பெரும்பாலும் சேம்பர் முழுவதையும் ஆக்சிஜனால் நிரப்புவார்கள். இன்னொன்று பலர் சேர்ந்து உட்காரும் இரும்பு அறை. உள்ளே வெறும் காற்றுதான். ஆக்சிஜன் மாஸ்க் வழியாகவோ தலையில் மாட்டும் ஹூட் வழியாகவோ வரும். கூடவே ஒரு நர்ஸ் உள்ளே உட்காருவார். இரண்டுமே சரியான சிகிச்சைதான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: ஜிப் வைத்த துணிப்பை போன்றது, காற்றடித்து உப்ப வைப்பது. அதில் 1.3 வளிமண்டலத்துக்கு மேல் பெரும்பாலும் போக முடியாது, உள்ளே சாதாரணக் காற்று. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 21 சதவீதத்தை 1.3-ஆல் பெருக்கினால் 27 வருகிறது. இந்த அளவு ஆக்சிஜனை மூக்கில் ஒரு சின்னக் குழாய் வைத்தே கொடுத்துவிடலாம். 2 வளிமண்டலத்தில் தூய ஆக்சிஜன் என்றால் அது 200-க்குச் சமம். ஆறாத புண்ணோடு இந்தப் பைக்குள் படுத்து மாதங்களைத் தொலைக்காதீர்கள்.

சேம்பர் நடக்கும் நேரத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் அதே கட்டடத்தில் இருப்பாரா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்

முதல் பரிசோதனையில் காது, நுரையீரல், இதயம் மூன்றையும் பார்ப்பார்கள். நெஞ்சு எக்ஸ்-ரே எடுப்பார்கள். நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்திருக்கும் நியூமோதோராக்ஸ் இருந்தால், அதைச் சரிசெய்யாமல் உள்ளே அனுப்பவே மாட்டார்கள். அழுத்தம் குறையும்போது சிக்கிய காற்று விரிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆஸ்துமா, நுரையீரலில் அளவுக்கு மீறி உப்பிய காற்றுப் பைகள், முன்பு நெஞ்சில் நடந்த ஆபரேஷன், இதயம் பலவீனம், வலிப்பு வந்த வரலாறு, காது ஆபரேஷன், கர்ப்பம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். அண்மையில் விழித்திரை ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் வாயு வைத்திருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மருந்துச் சீட்டுகளை நினைவிலிருந்து சொல்ல வேண்டாம், அப்படியே எடுத்துப் போங்கள். பிளியோமைசின், டாக்ஸோருபிசின், சிஸ்பிளாட்டின் ஆகிய புற்றுநோய் மருந்துகள், குடிப் பழக்கத்தை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம், தீக்காயத்தில் தடவும் மஃபெனைடு, இவை ஆக்சிஜனோடு ஒத்துப்போகாது என்பதால் தனியாகக் கேட்பார்கள். பிளியோமைசின் எப்போதோ வருடங்களுக்கு முன் போட்டதாக இருந்தாலும் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர், இன்சுலின் பம்ப் இருந்தால் அதன் அட்டையைக் கொண்டுபோங்கள். அந்த மாடல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று சரிபார்த்த பிறகுதான் முடிவு செய்வார்கள்.

பாதப் புண் என்றால், புண்ணைச் சுற்றியுள்ள தோலில் சிறு வில்லைகள் ஒட்டி அங்கே எவ்வளவு ஆக்சிஜன் வருகிறது என்று அளப்பார்கள். வலி இல்லாத சோதனை. காலுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய் அடைபட்டிருந்தால் முதலில் அதைத்தான் திறக்க வேண்டும். சாலையே இல்லாத ஊருக்கு வண்டி நிறையச் சரக்கு ஏற்றி என்ன செய்வது?

புகைபிடிப்பவராக இருந்தால், இந்த வாரங்களிலாவது நிறுத்துங்கள். நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். இரண்டு மணி நேரம் உள்ளே படுத்துச் சேர்த்ததை வாசலில் பற்றவைக்கும் ஒன்று கெடுத்துவிடும்.

வீட்டில் காதைப் பழக்குங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த ஒரு சிறிய அறை இருக்கிறது. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் வருகிறது. வெளியே அழுத்தம் ஏறும்போது செவிப்பறை உள்ளே அமுங்கும். குழாய் திறந்து உள்ளேயும் காற்று புகுந்தால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். "பட்" என்று ஒரு சத்தம், அடைப்பு விலகும். ஆனால் அந்தக் குழாயின் வாய் ஒரு மெல்லிய உதடு மாதிரி. அழுத்த வித்தியாசம் கூடிவிட்டால் உதடு ஒட்டிக்கொண்டு பூட்டிவிடும். பிறகு எவ்வளவு முயன்றாலும் திறக்காது. அதனால்தான் வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. காதில் லேசாகப் பஞ்சு வைத்த மாதிரி தோன்றியதுமே சமன்செய்ய வேண்டும்.

வழிகள் மூன்று. எச்சிலை விழுங்குவது, தாடையை முன்னும் பின்னும் அசைப்பது, கொட்டாவி விடுவது போல வாயைத் திறப்பது, இது முதல் வழி. பலருக்கு இதுவே போதும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவது இரண்டாவது. மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மூக்கு சீந்துவது போல மெதுவாக ஊதுவது மூன்றாவது. மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். முகம் சிவக்க ஊதினால் உள்காது அடிபடும். முதல் சிட்டிங்குக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கண்ணாடி முன் நின்று பழகுங்கள். எந்த வழியில் உங்கள் காதில் "பட்" கேட்கிறது என்று கண்டுபிடித்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கைக்குழந்தை என்றால் அந்த நேரத்தில் பால் குடிக்க வைப்பார்கள்; விழுங்கும்போது காது தானே திறக்கும்.

தொடக்கத்தில் நான் சொன்ன பெரியவருக்குப் பிறகு காது மருத்துவர் செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்துவிட்டார். அப்படி வைத்தால் காற்று நேராகப் போய் வரும், சமன்செய்யும் வேலையே இல்லை. காது திறக்கவே திறக்காதவர்களுக்கு இது நல்ல தீர்வு. அவர் திரும்பி வந்த அன்று அழுத்தம் ஏறிய இரண்டாவது நிமிடமே கையைத் தூக்கினார். ஓடிப்போய் மைக்கை எடுத்தேன். "வலி இல்ல. சும்மா, தூக்கினா நிறுத்துவீங்களான்னு பாத்தேன்" என்றார். நிறுத்தியிருந்தோம். அதன் பிறகு 30 சிட்டிங் நிம்மதியாகப் போனது.

போகிற நாள் காலையில்

ஜலதோஷமோ காய்ச்சலோ இருந்தால் கிளம்புவதற்கு முன்பே போன் செய்யுங்கள். மூக்கு அடைத்திருந்தால் காது திறக்காது. காய்ச்சல் இருந்தால் ஆக்சிஜனால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். ஒரு நாள் தள்ளிப்போவதில் தவறில்லை.

குளித்துவிட்டு எதையும் பூசாதீர்கள். தலைக்கு எண்ணெய், பவுடர், கிரீம், சென்ட், உதட்டுச் சாயம், நகப்பூச்சு, ஹேர் ஸ்பிரே, எதுவும் வேண்டாம். புண்ணில் வாசலைன் போன்ற களிம்பு போட்டிருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள், கட்டை மாற்றுவார்கள்.

சாப்பிடாமல் போகாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு இது கட்டாயம். சேம்பருக்குள் சுகர் இறங்கும். உள்ளே போவதற்கு முன் விரலில் குத்திப் பார்ப்பார்கள். அளவு குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட வைத்து, ஏறிய பிறகே அனுப்புவார்கள். காலை இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிட நேரமில்லாமல் ஓடி வருகிறவர்கள்தான் உள்ளே வியர்த்து விறுவிறுத்துப் போகிறார்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு எதுவாக இருந்தாலும் அந்த நொடியே சொல்லுங்கள். காபி, டீ, சோடா அந்த வேளைக்கு வேண்டாம். கடைசியாகக் கழிவறைக்குப் போய்விட்டு வாருங்கள். இரண்டு மணி நேரம் நீளமானது.

பையில் இருப்பதை எல்லாம் வெளியே வையுங்கள்

ஆக்சிஜன் தானாக எரியாது; எரியும் எதையும் வெறியோடு எரிய வைக்கும். சாதாரண அறையில் புகைந்து அணையும் ஒரு பொறி, ஆக்சிஜன் நிறைந்த சேம்பரில் சில நொடியில் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். 1997 அக்டோபர் 31 அன்று இத்தாலியின் மிலானில் ஒரு சேம்பருக்குள் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். கையைச் சூடாக்கிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவியை நோயாளி ஒருவர் உள்ளே கொண்டுபோனதுதான் தொடக்கம் என்று சொல்லப்பட்டது. 2025 ஜனவரி கடைசியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று இதே மாதிரித் தீயில் போனது.

அதனால் போன், வாட்ச், லைட்டர், தீப்பெட்டி, காது கேட்கும் கருவி, பேட்டரி உள்ள எதுவும், நகை, சவுரி முடி, செயற்கைப் பல், வெளியே. ஆடை அவர்கள் கொடுக்கும் முழுப் பருத்தி உடைதான். உள்ளாடையும் பருத்தியாக இருக்க வேண்டும். நைலான், பட்டு, கம்பளி உரசினால் மின்பொறி வரும். ஒருவர் படுக்கும் சேம்பரில் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டுவார்கள். உடலில் சேரும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்குவது அதுதான். கட்ட மறந்தால் நீங்களே கேட்டுக் கட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் நர்ஸ் அதே கேள்விகளைக் கேட்டு, பையைத் தடவிப் பார்ப்பார். இருபதாவது நாளும் கேட்பார். சலித்துக்கொள்ளாதீர்கள். நான் கேட்டுத் தடவியதில் ஒரு நாள், சட்டை மாற்றிய பிறகும் போனைப் போர்வைக்குள் வைத்திருந்தார் ஒருவர். மகள் கூப்பிடுவாளோ என்ற கவலை. மகளின் எண்ணை வாங்கி வெளியே இருந்து நானே பேசினேன். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், வழி கிடைக்கும்.

காது கேட்கும் கருவியைக் கழற்றிவிட்டால் மைக் சத்தம் கேட்காதே என்பவர்கள், கதவு மூடுவதற்கு முன்பே கை ஜாடைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் மேலே என்றால் காது சரி. உள்ளங்கை காட்டினால் நிறுத்து. இது போதும்.

கதவு மூடிய பிறகு

முதல் பத்து, பதினைந்து நிமிடம் அழுத்தம் ஏறும். காற்று சீறும் சத்தம் கேட்கும், கொஞ்சம் வெக்கையாக இருக்கும். சைக்கிள் பம்ப் அடித்தால் குழாய் சூடாகுமே, அது போல. காது வேலை எல்லாம் இந்த நேரத்தில்தான், அதிலும் தொடக்கத்தில்தான் அதிகம். 1-லிருந்து 2-க்கு ஏறும்போது உள்ளே இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது. திறக்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள். ஆபரேட்டர் நிறுத்துவார், சற்றே இறக்குவார், மறுபடி மெதுவாக ஏற்றுவார். பற்களிலோ கன்னத்திலோ வலி வந்தாலும் அதே மாதிரி கை தூக்க வேண்டும். பல் அடைப்புக்குள்ளும் சைனஸிலும் காற்று சிக்கியிருக்கலாம்.

குறித்த அழுத்தம் வந்ததும் சத்தம் அடங்கிவிடும். இனி படுத்துக்கொண்டு சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். பலர் தூங்கிவிடுகிறார்கள். 20, 30 நிமிடத்துக்கு ஒரு முறை ஐந்து அல்லது பத்து நிமிடம் ஆக்சிஜனை நிறுத்திச் சாதாரணக் காற்று தருவார்கள். அது வீணான நேரம் கிடையாது. அதிக ஆக்சிஜன் மூளையைத் தூண்டி வலிப்பு வராமல் காக்கும் இடைவேளை அது. வலிப்பு மிக அரிது. வந்தாலும் ஆக்சிஜனை எடுத்ததும் அடங்கும். உதடு துடிப்பது, காதில் ரீங்காரம், குமட்டல், பார்வை குறுகுவது, காரணமில்லாத பதற்றம், இவற்றில் எது வந்தாலும் சொல்லிவிடுங்கள்.

மூடிய இடம் என்றாலே பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே சொன்னால், கதவைத் திறந்து வைத்தே ஒரு முறை உள்ளே படுத்துப் பார்க்க விடுவார்கள். தேவைப்பட்டால் டாக்டர் லேசான மாத்திரை தருவார். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வெளியே வர வேண்டும் என்று சொன்னால் கதவை அந்த நொடி திறக்க முடியாது. அழுத்தத்தை இறக்கச் சில நிமிடம் ஆகும். அதனால் பயம் முற்றும்வரை காத்திருக்காமல் தொடங்கும்போதே சொல்லுங்கள்.

கடைசியில் அழுத்தம் இறங்கும். குளிரும், சில சமயம் உள்ளே பனி மூட்டம் போலப் புகை தெரியும். காற்றின் ஈரம்தான் அது. காது தானாகவே பொட்டுப் பொட்டென்று திறந்துகொள்ளும். இப்போது மூக்கைப் பிடித்து ஊதாதீர்கள். முக்கியமாக மூச்சை அடக்காதீர்கள். நுரையீரலில் உள்ள காற்று விரிந்துகொண்டிருக்கிறது, அது வெளியே போக வழி வேண்டும். இருமல் வந்தாலோ தும்மல் வந்தாலோ கை காட்டுங்கள், இறக்குவதை நிறுத்தி வைப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரம் அசதியாக இருக்கும். சர்க்கரை நோயாளிகள் வீட்டிலும் ஒரு முறை சுகர் பாருங்கள். காதில் தண்ணீர் நின்ற மாதிரி இருந்தால் மறுநாள் உள்ளே போவதற்கு முன் சொல்ல வேண்டும்.

புண்ணை வாரத்துக்கு ஒரு முறை ஒரே தூரத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, படத்தில் தெரியும். நல்ல அறிகுறி அகலம் குறைவது மட்டுமல்ல. வெளிறிய அடித்தளம் சிவந்து, சின்னச் சின்ன மணி மணியாகப் புதுச் சதை தெரிந்தால் ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன என்று பொருள். 20 சிட்டிங் முடிந்தும் படங்களில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் டாக்டரிடம் படங்களைக் காட்டித் தொடரலாமா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அப்புறம், சேம்பர் இருக்கிறதே என்று மற்றதை விட்டுவிடாதீர்கள். இறந்த சதையை வெட்டி நீக்குவது, புண் மேல் பாரம் விழாத செருப்பு, ஆன்டிபயாட்டிக், சுகர் கட்டுப்பாடு, இவைதான் அடித்தளம். சேம்பரிலிருந்து இறங்கி அதே புண் மேல் மிதித்து நடந்தே வீட்டுக்குப் போனவர்களுக்கு ஆறியதாக நான் பார்க்கவில்லை.

இருபது சிட்டிங் தாண்டியதும் சிலர் "தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியுது, ஆனா பேப்பர் கண்ணாடி இல்லாமலே படிக்க முடியுது" என்பார்கள். பயப்பட வேண்டாம். ஆக்சிஜனால் கண் லென்ஸ் தற்காலிகமாக மாறிக் கிட்டப்பார்வை வந்திருக்கிறது. ஏற்கெனவே கண்புரை இருப்பவருக்கு அது சீக்கிரம் முற்றலாம் என்பதால் கண் டாக்டரிடம் ஒரு முறை காட்டிக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குச் சிகிச்சை முடிந்து சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பார்வை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதுவரை புதுக் கண்ணாடி வாங்காதீர்கள், பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மங்கலாகத் தெரிகிற நாட்களில் வண்டி ஓட்ட மட்டும் வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.